ஒரே வைஃபை, பல கணினிகள்: வீட்டுக்குள் வைரஸ் நடமாடும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்தின் தக்கலை, கருங்கல், மார்த்தாண்டம் பகுதிகளில் ஒரே மதிலுக்குள் இரண்டு மூன்று குடும்பங்கள் வாழும் வீடுகள் ஏராளம். முன்பக்கம் பெற்றோரின் ஓட்டு வீடு, அதையொட்டி மகன் வளைகுடாச் சம்பாத்தியத்தில் எழுப்பிய மாடி வீடு, மேல்தளத்தில் வாடகைக்குப் பொறியியல் கல்லூரி மாணவர்கள். சமையல் தனி, மின் மீட்டர் தனி. இணைய இணைப்பு மட்டும் ஒன்று. அந்த ஒரே ஃபைபர் பெட்டியில்தான் திருவனந்தபுரம் டெக்னோபார்க் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மருமகளின் அலுவலக மடிக்கணினியும், பிள்ளைகளின் பழைய மேசைக்கணினியும், மாணவர்களின் கணினிகளும், டிவியும், வாசல் கேமராவும் சேர்ந்து தொங்குகின்றன.

இப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் தன் கணினியில் நல்ல ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கவலைதான் வருகிறது. ஒரு வலைப்பின்னலில் இருக்கும் கணினியின் பாதுகாப்பை அதன் உரிமையாளர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதே வலையில், யாரும் கவனிக்காமல் கிடக்கும் இன்னொரு கணினியும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

இதற்குக் காரணம் ரவுட்டர், அதாவது வைஃபை தரும் அந்தப் பெட்டி, வேலை செய்யும் விதம். வீட்டுக்கு வெளியே இணையத்தில் நமக்கு ஒரே ஒரு முகவரிதான். வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.5, 192.168.1.6 என்பது போன்ற உள்முகவரிகளை ரவுட்டர் கொடுக்கிறது. வெளியிலிருந்து யாராவது தானாக முன்வந்து இந்த உள்முகவரிகளைத் தொட முயன்றால், எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று தெரியாமல் ரவுட்டர் அதைத் தள்ளிவிடும். நாம் கேட்காமலே கிடைக்கும் நல்ல பாதுகாப்பு இது. ஆனால் உள்ளே இருக்கும் இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பேசினால் சாதாரண வீட்டு ரவுட்டர் தலையிடுவதே இல்லை. மதில் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே எல்லா வீட்டுப் பின்வாசலையும் திறந்து போட்டிருப்பதைப் போன்றது இந்த நிலை. மதிலைத் தாண்டி ஒருவன் உள்ளே வந்துவிட்டால் பிறகு அவனுக்குத் தடையே கிடையாது.

உங்கள் வலையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது எளிது. உலாவியில் 192.168.1.1 அல்லது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை இட்டு உள்ளே போனால், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் கிடைக்கும். சில பெயர்கள் புரியும்: கைப்பேசி மாடல், மடிக்கணினியில் பிள்ளை வைத்த பெயர். சில வரிகளில் வெறும் எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். அவை ஒவ்வொன்றையும் இனம் காணும்வரை விடாதீர்கள். ஒரு கருவியை அணைத்துவிட்டுப் பட்டியலிலிருந்து எது மறைகிறது என்று பார்த்தால் போதும். பல வீடுகளில் இந்தத் தேடலின் முடிவில் எதிர்வீட்டுக்காரரின் கைப்பேசி அகப்படும். முன்பு எப்போதோ, அவர் வீட்டில் இணைப்பு இல்லாத நாளில், கடவுச்சொல்லைச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கைப்பேசியில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

சரி, மதிலைத் தாண்டி வைரஸ் எப்படி உள்ளே வருகிறது? நம் ஊரில் இன்றும் முதல் சந்தேகத்துக்குரியது பென்டிரைவ்தான். கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர் பென்டிரைவில் தருகிறார். அது அண்ணன் வீட்டு டிவிக்குப் போகிறது, பெரியப்பா வீட்டுக் கணினிக்குப் போகிறது, பிறகு பிள்ளையின் கல்லூரி புராஜெக்ட் அறிக்கையை ஏற்றிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது. ஜெராக்ஸ் கடைக் கணினியில் ஒரே நாளில் எத்தனை பேருடைய பென்டிரைவ் செருகப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். கடைக்காரர் மீது குற்றமில்லை, அவர் தொழில் அப்படி. ஆனால் அங்கிருந்து திரும்பி வரும் பென்டிரைவ், புறப்பட்டுப் போனபோது இருந்த அதே பென்டிரைவ் அல்ல.

ஷார்ட்கட் வைரஸ் என்று எல்லோரும் சொல்லும் வகையை நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். பென்டிரைவைத் திறக்கிறீர்கள். உங்கள் கோப்புறைகள் அதே பெயரில் தெரிகின்றன. படத்தின் இடது மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி மட்டும் புதிதாக இருக்கிறது. உண்மையான கோப்புறைகளை அந்த வைரஸ் மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழிக் கோப்புகளைப் போட்டிருக்கிறது. நீங்கள் இருமுறை சொடுக்கியதும் அந்தக் குறுக்குவழி இரண்டு வேலை செய்கிறது: முதலில் வைரஸை ஓடவிடுகிறது, பிறகு உங்கள் உண்மையான கோப்புறையையும் திறந்து காட்டுகிறது. படங்கள் எல்லாம் சரியாக வந்துவிடுவதால் உங்களுக்குச் சந்தேகமே எழாது. அந்த நொடியிலிருந்து இந்தக் கணினியில் செருகப்படும் அடுத்த பென்டிரைவும் அதே கதிதான்.

முன்பெல்லாம் சொடுக்கவே தேவையில்லை. செருகியதுமே ஆட்டோரன் வசதி வழியாக வைரஸ் ஓடும். 2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ் பரவ அந்த வசதியும் ஒரு வழியாக இருந்தது. 2011இல் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ் பதிப்புகளுக்கும் அப்டேட் அனுப்பி, பென்டிரைவில் அது தானாக ஓடுவதைத் தடுத்தது. அந்தக் கதவு மூடப்பட்டதால்தான் வைரஸ் எழுதுகிறவர்கள் நம் விரலையே நம்ப வேண்டியதாயிற்று. ஆகவே ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவதற்கென்று ஒரு சிறிய பென்டிரைவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சிட வேண்டிய பிடிஎஃப் கோப்பைத் தவிர வேறு எதுவும் அதில் வேண்டாம். திரும்பி வந்ததும் எதையும் திறக்காமல் அதை ஃபார்மட் செய்துவிடலாம்.

உள்ளே வந்த வைரஸ் ஒரே கணினியில் தங்கிவிட்டால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. அது அடுத்த கணினிக்கு நடந்து போவதுதான் பிரச்சினையின் மையம். இதை உலகமே கண்ட நாள் 2017 மே 12. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற பணயத் தீநிரல் அன்று கிளம்பி, சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பூட்டியது. நம் பக்கத்துக் கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டை மாவட்டங்களில் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் அதில் சிக்கின. அது பரவுவதற்கு யாரும் எதையும் சொடுக்கத் தேவையிருக்கவில்லை. விண்டோஸில் கோப்புகளைப் பகிர உதவும் எஸ்எம்பி என்ற ஏற்பாட்டின் பழைய முதல் பதிப்பில் ஒரு ஓட்டை இருந்தது. பாதிக்கப்பட்ட கணினி தன் வலையில் உள்ள மற்ற முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, 445ஆம் எண் போர்ட் (வலைத் தகவல் நுழையும் வாசல்) திறந்திருக்கும் கணினிகளைக் கண்டு உள்ளே புகுந்தது.

இதில் என் நெஞ்சை அறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதங்கள் இடைவெளி இருந்தது. அந்த இரண்டு மாதங்களில் அப்டேட்டை ஏற்ற கணினிகளுக்கு இந்த வழியாக ஒன்றும் ஆகவில்லை, ஏற்காதவைதான் மாட்டிக்கொண்டன.

அப்டேட் மட்டும் போதுமா என்றால், அடுத்த மாதமே அதற்கும் பதில் கிடைத்தது. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகப் புகுந்த நாட்பெட்யா என்ற தீநிரல், அதே ஓட்டையைப் பயன்படுத்தியதோடு நிற்கவில்லை. ஒரு கணினியில் நுழைந்ததும் அதன் நினைவகத்திலிருந்து நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொற்களைத் திரட்டி, அவற்றையே காட்டி மற்ற கணினிகளுக்குள் முறைப்படி நுழைந்தது. அப்டேட் எல்லாம் சரியாக இருந்த கணினிகளும் அதனால் விழுந்தன. கப்பல் வேலைக்குப் போகும் நம் மாவட்டத்து இளைஞர்களுக்கு நன்கு தெரிந்த மெர்ஸ்க் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டி வந்தது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்நிறுவனக் குழுமத்தின் முனையமும் முடங்கியது.

பெரிய நிறுவனத்துக்கு நடந்ததற்கும் நம் வீட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வீட்டில் உள்ள எல்லாக் கணினிகளுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், அதுவும் நிர்வாகிக் கணக்கு என்று வைத்திருக்கிறோமே, அதுதான் தொடர்பு. தினசரி வேலைக்குச் சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொண்டு, நிர்வாகிக் கணக்கை மென்பொருள் நிறுவும்போது மட்டும் பயன்படுத்தினால், உள்ளே வரும் வைரஸின் அதிகாரமும் அந்தச் சாதாரணக் கணக்கின் எல்லைக்குள் சுருங்கும். பிள்ளைகளின் கணினியில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஒவ்வொரு கணினிக்கும் நிர்வாகிக் கடவுச்சொல் வேறு வேறாக இருக்கட்டும்.

பகிர்ந்த கோப்புறை இன்னொரு திறந்த பின்வாசல். மாடியிலிருந்து கீழ்வீட்டுக் கணினியின் படங்களைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் தேவை வந்திருக்கும். கடவுச்சொல் கேட்டுத் தொல்லை கொடுக்கிறதே என்று ‘பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்’ வசதியை அணைத்து, மொத்த டி டிரைவையும் பகிர்ந்து, அனுமதிப் பட்டியலில் ‘எவ்ரிஒன்’ என்ற பெயருக்கு எதிரே ‘ஃபுல் கன்ட்ரோல்’ என்று குறியிட்டிருப்பார்கள். வேலை முடிந்தது, குறி அப்படியே இருக்கிறது. எந்தக் கணினியிலிருந்தும் எவரும் எழுதலாம், அழிக்கலாம் என்பது அதன் பொருள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அது கீழ்வீட்டுக் கணினிக்குள் நுழையவே தேவையில்லை. மாடியில் இருந்தபடியே, பகிர்ந்த டிரைவில் உள்ள குடும்பப் படங்களையும் பத்திர ஸ்கேன்களையும் பூட்டிவிடும். கீழ்வீட்டில் எவ்வளவு நல்ல ஆன்டிவைரஸ் இருந்தாலும், அந்தக் கோப்புகளை மாற்றுவது அனுமதி பெற்ற பயனர் என்றே பெரும்பாலும் அதற்குத் தெரியும். பகிர வேண்டுமானால் ஒரு கோப்புறையை மட்டும் பகிருங்கள், வாசிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள், கடவுச்சொல் கேட்கட்டும்.

இனி சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. நம் ஊரில் கணினி வாங்கினாலும் பழுது பார்த்தாலும் உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டுத் தருவது வழக்கமாகிவிட்டது. அதோடு உரிமம் இல்லாத ஆஃபிஸ், உரிமம் இல்லாத ஃபோட்டோஷாப். இவற்றை இயங்க வைக்கும் ஆக்டிவேட்டர் எனப்படும் சிறு நிரலை ஓட்டுவதற்கு முன் ‘ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்’ என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கும். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு, முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்கு நிர்வாகி அதிகாரத்தைக் கொடுக்கிறோம். அந்த நிரலுக்குள் வேறு என்ன இருக்கிறது என்று போட்டுத் தருகிறவருக்கும் தெரியாது. பிறகு, உரிமச் சிக்கல் வந்துவிடுமோ என்ற பயத்தில் அப்டேட்டையும் நிறுத்தி வைக்கிறார்கள். வானாக்ரையில் சிக்கியது எப்படிப்பட்ட கணினிகள் என்பதை மேலே பார்த்தோம். பணம் இல்லை என்பது உண்மையான காரணம்தான், அதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆஃபிஸ் இலவசம். படத்தைத் திருத்த கிம்ப் இலவசம். முழுக் கணினியையுமே இயக்க லினக்ஸ் இலவசம். நமக்குப் பழக்கமில்லை என்பதைத் தவிர வேறு தடை கிடையாது.

ஆன்டிவைரஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் கூடவே வருகிறது. வீட்டுக்கு அது போதும். காசு கொடுத்து வாங்கியதும் நல்லதே, புதுப்பித்துக்கொண்டே இருந்தால். காலாவதியான சோதனைப் பதிப்பை வைத்துக்கொண்டிருப்பது மட்டும் வேண்டாம். அதை நீக்கினால் டிஃபெண்டர் வேலையை ஏற்றுக்கொள்ளும். ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் போடுவது கணினியை மெதுவாக்கும், பாதுகாப்பை இரட்டிப்பாக்காது.

கேமராவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் துபாயிலோ குவைத்திலோ இருக்க, வயதான பெற்றோர் மட்டும் வாழும் வீடுகள் நம் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அம்மா மாத்திரை சாப்பிட்டாளா, வாசலில் யார் நிற்கிறார்கள் என்று அங்கிருந்தே பார்க்க ஆசைப்பட்டுக் கேமரா மாட்டுகிறார்கள். அந்த அன்பை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கேமராவும் அதன் பதிவுப் பெட்டியும் சிறிய கணினிகள்தாம் என்பதை மாட்டித் தருகிறவர் சொல்வதில்லை. தொழிற்சாலையில் வைத்த பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் ஒரு போர்ட்டையும் திறந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். நமக்கு இலவசமாகக் கிடைத்த அந்த மதிலில் நாமே இட்ட துளை அது. 2016இல் மிராய் என்ற தீநிரல் இப்படிப்பட்ட கருவிகளைத்தான் தேடியது. சுமார் 60 தொழிற்சாலைக் கடவுச்சொற்களை வரிசையாக முயன்று பார்த்து, கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றை ஒருசேர ஏவி, தள முகவரிகளைத் தேடித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையே பலர் திறக்க முடியாமல் போனது. மிராய் கருவியின் நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்தது. அணைத்துப் போட்டால் போய்விடும். ஆனால் கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சிறிது நேரத்திலேயே மறுபடி தொற்றிக்கொள்ளும்.

ஆகவே கேமரா, டிவி, வாடகைக்கு இருக்கும் மாணவர்கள், வந்துபோகும் விருந்தினர் அனைவரையும் ரவுட்டரின் விருந்தினர் வலைக்கு மாற்றுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்ற பெயரில் இந்த வசதி இருக்கிறது. அதில் இணையும் கருவி இணையத்துக்குப் போகலாம். வீட்டுக் கணினிகளைப் பார்க்க முடியாது. சில ரவுட்டர்களில் உள்வலையை அணுக அனுமதிக்கும் ஒரு குறியும் அருகிலேயே இருக்கும். அது எடுக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். டெக்னோபார்க் மருமகளின் அலுவலக மடிக்கணினியையும் இந்தப் பக்கமே வைக்கலாம், அதற்கு வீட்டுக் கணினிகளோடு பேச வேண்டிய வேலை எதுவும் இல்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால், நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

ரவுட்டருக்குள் போயிருக்கும்போதே இன்னும் சிலவற்றை முடித்துவிடலாம். வைஃபை கடவுச்சொல் வேறு, ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் வேறு; இரண்டையும் மாற்ற வேண்டும். கடவுச்சொல்லுக்குப் பதில் ஓர் எண்ணாலோ பொத்தானாலோ வைஃபையில் இணைய விடும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிட முடியும் என்பது 2011 டிசம்பரிலேயே வெளிவந்த உண்மை. நிர்வாகக் கடவுச்சொல்லை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ரவுட்டர் கெட்டால் எல்லாக் கணினிகளும் சேர்ந்து கெடும். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் கணினியிலிருந்து ரவுட்டருக்குத் தாவி, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை முயன்று பார்த்து, தள முகவரிகளைத் தேடித் தரும் டிஎன்எஸ் அமைப்பையே மாற்றி எழுத முயன்றது. அப்படி மாறிவிட்டால் வங்கித் தளத்தின் பெயரைச் சரியாகத் தட்டினாலும் போய்ச் சேரும் இடத்தை வேறொருவன் முடிவு செய்வான். அந்தக் கும்பல் 2011 நவம்பரில் பிடிபட்டபோது 100க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகள் அதன் வசம் இருந்தன.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது ஓட்டைகளை அடைக்கும் வழக்கமான அப்டேட், 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 7, எக்ஸ்பி ஓடும் கணினிகளும் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. புதியது வாங்க முடியாதவர்கள் அவற்றில் லினக்ஸ் போடலாம். இல்லையென்றால் தட்டச்சுக்கு மட்டும் வைத்துக்கொண்டு வலையிலிருந்து விலக்கி விடலாம். அவற்றையும் மற்ற கணினிகளையும் ஒரே வலையில் வைப்பதுதான் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது நுழையலாம். அதற்காகத்தான் நகல். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் படங்களையும் பத்திரங்களையும் நகலெடுத்து, எடுத்த உடனே கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கைத் தீநிரல் மற்றொரு டிரைவாகவே பார்த்துப் பூட்டிவிடும். ஐப்பசி மாத இடி மின்னலில் கருகிப்போகும் கணினிகளுக்கும் இந்த நகலே துணை. இணையச் சேமிப்பில் வைத்திருப்பவர்கள் பூட்டப்பட்ட கோப்புகள் அங்கேயும் போய் ஏறும் என்பதை அறிந்திருக்க வேண்டும்; கோப்பின் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி அங்கே இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது.

தாக்குதல் நடந்துவிட்டால் வரிசை முக்கியம். கோப்புகளின் பெயர் மாறியிருந்தாலோ பணம் கேட்டு அறிவிப்பு வந்தாலோ முதலில் அந்தக் கணினியை வலையிலிருந்து பிரியுங்கள்: கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பதற்றத்தில் நகல் டிஸ்க்கைக் கொண்டுவந்து செருகிவிடாதீர்கள்; அதையும் இழந்துவிடுவீர்கள். பிறகு வீட்டில் உள்ள மற்ற கணினிகளையும் வலையிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் முழுமையாக ஸ்கேன் செய்ய வேண்டும். நன்றாகத்தானே ஓடுகிறது என்று எதையும் விட்டுவிடக் கூடாது. இதற்கான இலவசக் கருவிகளை 2017இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளம் தருகிறது. பணம் கட்டுவதற்கு முன் ‘நோ மோர் ரான்சம்’ தளத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கியது அது. சில வகைப் பூட்டுகளுக்குச் சாவி அங்கே இலவசமாகவே கிடைக்கிறது. வங்கிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். கடவுச்சொற்களைச் சுத்தமான வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள், ரவுட்டரின் கடவுச்சொல்லையும் சேர்த்து. பாதிக்கப்பட்ட கணினியில் விண்டோஸைப் புதிதாக நிறுவி, அப்டேட் அனைத்தையும் ஏற்றி, நகலை மீட்ட பிறகே அதை வலைக்குள் சேர்க்க வேண்டும். மற்றவற்றையும் ஒரேயடியாக இணைக்காமல், ஒன்றை இணைத்து ஒரு நாள் பார்த்துவிட்டு அடுத்ததை இணையுங்கள். ஏதோ ஒன்றில் இன்னும் தொற்று ஒளிந்திருந்தால், அது எந்தக் கணினி என்று அப்போதுதான் தெரியும்.